தாகத்தின் உரிமை, ஆதாயத்தின் கடன்

ஓர் ஊரின் நீர்ச் செலவை அங்கே ஏற்கெனவே வாழ்பவர்களும், காணி வாங்கிக் கட்டடம் எழுப்பித் தொழில் நடத்த வருபவர்களும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது நியாயம் என்ற கேள்வி, பெருநகரங்களில் பெரும்பாலும் கட்டண அட்டவணைக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே குழாய் ஏற்கெனவே ஓடுகிறது. புதுக் கட்டடத்திடம் எவ்வளவு கேட்பது என்பதுதான் பேச்சு. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் குறிஞ்சிப்பிட்டி போன்ற ஊர்களில் அதே கேள்வி இன்னும் ஆழத்துக்குப் போகிறது. இங்கே நீர் காலடி மணலுக்குள் இருக்கிறது. அதை எந்தச் சபையும் கட்டவில்லை, எந்த முதலீட்டாளரும் கொண்டுவரவில்லை. ஆகவே செலவைப் பங்கிடுவதற்கு முன்பே இன்னொன்றைத் தீர்க்க வேண்டியிருக்கிறது: அந்த நீர் யாருடையது, அது கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

குடாநாட்டின் ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல். நடுவே ஒடுங்கிய மணல் நிலம். ஆறு இல்லை, பெருங்குளம் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை விழுகிறது. மணல் அதை உடனே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன நன்னீர், அடியில் பரவிக் கிடக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் சற்று இலேசானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது பொறியியலாளர்கள் கைபன், ஹெர்ஸ்பேர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி. இந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மேல்மட்டம் சிறிது இறங்கினாலே கீழே உவர் பல மடங்கு ஏறத் தொடங்கும்.

சிமெந்து வளையங்களை இறக்கிய ஆழமற்ற கிணற்றில் வாளியால் அள்ளினால், அள்ளிய இடத்தைச் சுற்றியிருக்கும் மணல் கொஞ்ச நேரத்தில் அதை ஈடுசெய்துவிடும். அதே கிணற்றில் மோட்டார் வைத்து மணிக்கணக்காக இறைத்தால் நீர்மட்டம் கிண்ணம்போலக் குழிகிறது. அதற்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழும்புகிறது. ஆழமான குழாய்க் கிணறு அந்தக் கூம்பை இன்னும் விரைவாகத் தொடும். மோட்டாரை நிறுத்தினாலும் கூம்பு வந்த வேகத்தில் இறங்காது. முதலில் தெரிவது தேநீரின் ருசி மாறுவதுதான். பிறகு சவர்க்காரம் நுரைக்காது, பிறகு தென்னங்கன்று கருகும். இதில் நியாயம் பேசுபவர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இறைத்தவரின் கிணறு மட்டும் கெடுவதில்லை. நீர் வேலி பார்த்து நிற்காததால் பக்கத்து வளவின் கிணறும் சேர்ந்தே கெடும்.

இந்த நீரை எடுப்பவர்கள் மூவகை. முதலில் வீடுகள்: குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, தொழுகைக்கு வுழூ செய்ய. அடுத்தது தோட்டம்: சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட், உருளைக்கிழங்கு என்று குடாநாட்டு மணலில் செறிவான பயிர்ச்செய்கை நடக்கிறது, மணல் நீரையும் பசளையையும் பிடித்து வைக்காது என்பதால் இரண்டையும் அடிக்கடி கொடுக்க வேண்டும். மூன்றாவது சுற்றுலா. கற்பிட்டியையும் அதைச் சூழ்ந்த 14 தீவுகளையும் ஒருங்கிணைந்த சுற்றுலா வலயமாக்கும் அரசுத் திட்டம் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வேகம் பெற்றது. வரைபடத்தில் இருந்த அளவுக்குப் பெரிய ஹோட்டல்கள் எழவில்லை. ஆனால் காணிகள் கைமாறின. கண்டக்குளி, கப்பலடிப் பக்கம் காற்றாடிச் சறுக்குக்கு வருபவர்களுக்கான விடுதிகள் வரிசையாக வந்தன. விடுதி என்றால் சவர்க்குளியல், நீச்சல் தடாகம், சலவை, புல்தரை. ஒரு விருந்தினரின் ஒரு நாள் நீர்ப்பாவனை ஓர் ஊர்க் குடும்பத்தவரின் பாவனையைவிடப் பல மடங்கு போவது வெப்பநாட்டுக் கரையோரங்களில் எங்கும் காணப்படுவது.

ஊரவர்கள் குற்றமற்றவர்கள், வந்தவர்கள் குற்றவாளிகள் என்று இந்தக் கதையை எளிதாக்கிவிடக் கூடாது. கற்பிட்டியின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகவே பதிவுசெய்து வருகிறார்கள். தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் எருவும் மணல் வழியே கிணற்றுக்குப் போகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீர் பால்மாவில் கரைக்கப்படும்போது முதல் ஆபத்து கைக்குழந்தைக்குத்தான். உவருக்கு ருசி உண்டு, நைத்திரேற்றுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை. ஆக, பங்கீட்டைப் பேச உட்காரும்போது தோட்டக்காரரும் பாயில் உட்கார வேண்டும்.

நாட்டின் சட்டம் இந்தக் கேள்விக்குத் தரும் உதவி குறைவு. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சு மரபில், காணிக்கு அடியில் ஊறும் நீர் காணிக்காரரின் பாவனைக்கே என்ற எண்ணம் வேரூன்றியது. இங்கிலாந்துச் சட்டம் இதை எல்லை வரைக்கும் கொண்டுபோனது. தன் காணியைப் பிராட்ஃபோர்ட் நகரசபை நல்ல விலைக்கு வாங்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் நிலத்தடி நீரைத் திருப்பிவிட்ட வழக்கில், அவருடைய நோக்கம் கெட்டதாக இருந்தாலும் உரிமை உரிமைதான் என்று பிரபுக்கள் சபை 1895-இல் தீர்ப்பளித்தது. இலங்கையில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீர்வளச் சபை உருவானது. 1974-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை உருவானது. நீருக்கான உரிமையை ஒழுங்குபடுத்தும் தேசியக் கொள்கை ஒன்றை 2000-ஆம் ஆண்டில் அரசு முன்வைத்தபோது, தண்ணீரை விற்கப் போகிறார்கள் என்ற எதிர்ப்பு நாடெங்கும் கிளம்பியது, கொள்கை சட்டமாகவில்லை. அந்த எதிர்ப்பின் பின்னால் அரசியல் இருந்தது உண்மை. அதற்கும் அடியில், நீர் விற்பனைப் பொருள் அல்ல என்ற பழைய அறவுணர்வும் இருந்தது. சமயங்கள் அனைத்தும் சேர்ந்து வளர்த்த உணர்வு அது. வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவருக்கும், தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்து மர நிழலில் கூடாரமடிக்கும் யாத்திரிகருக்கு நீர் வார்ப்பவருக்கும், பள்ளிவாசல் முற்றத்தில் பீலி பூட்டிக் கொடுப்பவருக்கும் அது பொதுவானது.

ஆனால் உணர்வு மட்டும் குழாய் பதிக்காது. நீர் இலவசம், சரி; அதைத் தோண்டவும் சுத்திகரிக்கவும் தூரத்திலிருந்து கொண்டுவரவும் ஆகும் செலவு இலவசம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்த மரபுகளில் மிகத் தெளிவானது இஸ்லாமியச் சட்ட மரபு. குடாநாட்டு மக்களில் பெரும் பகுதியினர் தம்முடையதாகக் கருதும் மரபும் அதுவே என்பதால் இங்கே அதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

நீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய நீரைத் தடுத்து வைப்பதைக் கண்டிக்கும் அறிவிப்புகள் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகள் இரண்டிலும் உண்டு. இவற்றிலிருந்து சட்ட அறிஞர்கள் வகுத்த ஒழுங்கில் மூன்று நிலைகள் தெரிகின்றன. ஆற்றிலும் ஊற்றிலும் உள்ள நீர் பொது. ஒருவர் குடத்திலோ தொட்டியிலோ அள்ளி வைத்த நீர் அவருடைய உழைப்பு சேர்ந்தது, அதை விற்கலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது, தன் காணியில் தோண்டிய கிணற்றின் நீர். தோண்டியவருக்கு அதில் முன்னுரிமை உண்டு. அவர் தேவைக்குப் போக மிஞ்சியதைத் தாகத்துக்கு, மனிதரின் தாகத்துக்கும் கால்நடையின் தாகத்துக்கும், தடுக்கக் கூடாது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அதாவது சட்டப்பள்ளியில், இந்தக் கடமை தாகத்தோடு நிற்கிறது. அடுத்தவரின் பயிருக்கு இலவசமாக விட வேண்டும் என்பதில்லை. அதாவது, உயிர் வாழத் தேவைப்படும் நீரும் ஆதாயம் ஈட்டத் தேவைப்படும் நீரும் ஒரே கிணற்றில் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. குறிஞ்சிப்பிட்டியின் கேள்விக்கு முதல் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

செலவைப் பற்றி நேரடியாகப் பேசும் இடம் இன்னொரு சட்டப்பள்ளியான ஹனஃபீ மரபின் நூல்களில் கிடைக்கிறது. 1197-இல் காலமான மர்கீனானி, ஃபர்கானாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், தம் ஹிதாயா நூலில் வாய்க்கால் தூர்வாரும் செலவை யார் ஏற்பது என்று விசாரிக்கிறார். பெரும் ஆறுகளைத் தூர்வாருவது பொதுக் கருவூலத்தின் கடமை, ஏனெனில் பயன் எல்லாருக்கும். பங்காளிகளுக்கு உரிய வாய்க்காலைத் தூர்வாருவது பங்காளிகளின் கடமை. எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு வருகிறது. அந்தச் சட்டப்பள்ளியின் மூலவரான அபூஹனீஃபா சொல்வது: வேலை தலைவாயிலில் தொடங்கிக் கீழே போகும், ஒருவருடைய நிலத்தைத் தாண்டியதும் அவருடைய கடமை முடிந்தது. அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் ஏற்கவில்லை. தலை முதல் கடை வரை முழு வாய்க்காலின் செலவையும் எல்லாரும் தத்தம் பங்குக்கு ஏற்பத் தாங்க வேண்டும். மேலே இருப்பவருக்குத் தன் வயலில் மிஞ்சும் நீர் வழிந்தோடக் கீழ் வாய்க்கால் வேண்டுமே என்பது அவர்கள் வாதம். எல்லாரும் உடன்படும் ஒரு விதியும் அங்கே உண்டு. அந்த வாய்க்காலில் தாகம் தீர்க்க வருபவர்களிடம் தூர்வாரும் செலவில் எதுவும் கேட்கக் கூடாது. அவர்கள் எண்ணிலடங்காதவர்கள், வாய்க்கால் அவர்களுக்காக வெட்டப்பட்டதும் அல்ல.

800 ஆண்டுகளுக்கு முந்திய நூல் பதிவுசெய்த இந்த விவாதத்தில் இன்றைய நீர்ச் சபைகளின் பிரச்சினை முழுவதும் இருக்கிறது: பொதுச் செலவு எது, பங்காளிச் செலவு எது, தனக்குப் பின்னால் வரும் குழாய்க்கு முன்னால் இருப்பவர் கட்ட வேண்டுமா, குடிப்பவரிடம் கேட்கலாமா. ஒட்டோமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சட்டக் கோவை, இதே மரபின் பொது விதிகளைத் தொடக்கத்திலேயே நிரல்படுத்துகிறது. ஆதாயம் யாருக்கோ சுமையும் அவருக்கு என்பது அவற்றுள் ஒன்று. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்பது இன்னொன்று. இந்தச் சட்டப் பகுதி இலங்கை நீதிமன்றத்தில் செல்லாது; இங்கே முஸ்லிம் சட்டம் திருமணம், வாரிசுரிமை, வக்பு போன்றவற்றோடு நிற்கிறது. ஆனால் பள்ளிவாசல் ஜமாஅத் கூடிப் பேசும்போது மக்கள் மனதில் எடைபோடும் படிக்கல் அதுதான்.

இனி, புதிதாக வருபவர் யார் என்று கேட்க வேண்டும். நீர்க் கட்டணம் பற்றிய மேலைநாட்டு விவாதங்களில் அடிக்கடி வரும் வாதம், வளர்ச்சியின் செலவை வளர்ச்சியே கட்டட்டும் என்பது. பழைய குடியிருப்பாளர் வரியாகவும் கட்டணமாகவும் கட்டி எழுப்பிய அமைப்பில் புதியவர் இலவசமாக நுழைவது சரியல்ல. புதியவருக்காக நீட்டும் குழாயின் செலவைப் பழையவர் தலையில் கட்டுவதும் சரியல்ல. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. புத்தளத்தின் வரலாறு அந்த நியாயத்தில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டுகிறது. 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். கற்பிட்டிக் குடாநாட்டில் தென்னோலைக் குடிசை முகாம்கள் எழுந்தன. உடுத்த உடையோடு வந்தவர்கள் அவர்கள். ஊர்க் கிணறுகளில் அள்ளுபவர்களின் தொகை திடீரென்று பெருகியது. நெருக்கடிகளும் மனக்கசப்புகளும் வந்தன, இல்லையென்று சொல்ல முடியாது. ஆயினும் கிணறு திறந்தே இருந்தது. 2007-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம், இடம்பெயர்ந்தவர்களுக்கு நிரந்தர வீட்டோடு குடிநீரையும் மலசலகூடத்தையும் சேர்த்துக் கொடுக்க முனைந்தது.

வளர்ச்சியின் செலவை வளர்ச்சியே கட்டட்டும் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரயோகித்தால், 1990-இல் வந்த அகதியும் 2010-க்குப் பின் வந்த ஹோட்டல் முதலீட்டாளரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இருவரும் புதியவர்கள், இருவரும் ஏற்கெனவே இருந்த நீரில் பங்கு கேட்டவர்கள். ஆனால் ஒருவர் வந்தது தாகத்தோடு, மற்றவர் வந்தது இலாபக் கணக்கோடு. தாகத்தின் உரிமைக்கு ஊரில் எத்தனை வருடம் இருந்தாய் என்ற கேள்வியே கிடையாது. தலவிலவுக்கு வரும் யாத்திரிகர் ஒரு வாரம்தான் இருப்பார், அவரிடம் யாரும் நீருக்குக் கணக்குக் கேட்பதில்லை. கட்டணக் கடமை பிறப்பது புதுமையிலிருந்து அல்ல, ஆதாயத்திலிருந்து. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாத பங்கீடு எதுவும் புத்தளத்தில் நியாயமாக இருக்க முடியாது.

தத்துவஞானி ஜோன் லொக் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனியுடைமையை நியாயப்படுத்தியபோது வைத்த நிபந்தனை, மற்றவர்களுக்குப் போதுமானதும் அதே தரமானதும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நீர்தான்: ஒருவர் ஆற்றில் வயிறாரக் குடித்தாலும் அடுத்தவருக்கு முழு ஆறும் மிஞ்சுகிறது. இங்கிலாந்தின் ஆறுகளைப் பார்த்து எழுதியவருக்கு அந்த உதாரணம் பொருந்தியது. மணலுக்குள் மிதக்கும் நன்னீர்ப் படலத்துக்கு அது பொருந்தாது. இங்கே ஒருவர் அளவுக்கு மீறி எடுத்தால் அடுத்தவருக்கு மிஞ்சுவது குறைந்த நீர் மட்டுமல்ல, தரம் கெட்ட நீர். லொக்கின் நிபந்தனையின் இரண்டு பாதிகளும் ஒரே மோட்டாரில் உடைந்துபோகின்றன. ஆகவே குடாநாட்டில், என் காணி என் கிணறு என்ற வாதம் தனியுடைமையின் தத்துவத்தாலேயே தோற்றுவிடுகிறது. சமயத்தைத் துணைக்கு அழைக்காமலே அதைச் சொல்லிவிடலாம்.

அளவை எப்படி நிர்ணயிப்பது என்பதற்குப் பொருளியல் தரும் இரண்டு சோதனைகள் பயனுள்ளவை. பல தரப்பினர் சேர்ந்து ஒரு நீர்த்திட்டம் கட்டும்போது, எந்தத் தரப்பும் தனியாகக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. எந்தத் தரப்பும் தன்னைச் சேர்த்துக்கொண்டதால் கூடிய செலவுக்குக் குறைவாகவும் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையின் அணைகளுக்கு, வெள்ளத் தடுப்பும் படகுப் போக்குவரத்தும் மின்சாரமும் எவ்வளவு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கிட்டபோது இந்தச் சிந்தனை வளர்ந்தது. 1982-இல் பேய்ட்டன் யங்கும் சக ஆய்வாளர்களும் தென் சுவீடனின் ஸ்கோனே பகுதியில் 18 நகராட்சிகளின் பொது நீர்த்திட்டத்தை எடுத்து, வழக்கத்திலிருந்த பங்கீட்டு முறைகளை இந்தச் சோதனையில் நிறுத்தினார்கள். மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிடுவது போன்ற எளிய முறைகள் சில தரப்பினரிடம் அவர்களுடைய தனிச்செலவைவிடக் கூடுதலாக வாங்கிவிடும் என்பது அதில் தெரிந்தது.

இதே சோதனையைக் குறிஞ்சிப்பிட்டிக்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் விடை அழுத்தமானது. நல்ல கிணறு உள்ள வீட்டுக்குத் தனியாக நீர் எடுக்க ஆகும் செலவு, கிணறு ஒருமுறை கட்டிய செலவும் கயிறும் வாளியும் சிறு மோட்டாரும்தான். நூறு அறை ஹோட்டலுக்கு, ஊர் நீர்ப்படலத்தைக் கெடுக்காமல் தனியாக நீர் எடுக்க ஒரே வழி கடல்நீரைச் சுத்திகரிப்பது. அதன் விலை சிறிதல்ல. யாழ்ப்பாணக் குடிநீருக்காக இரணைமடுக் குளத்து நீரைக் கேட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024-இல் திறக்கப்பட்டது. அந்த வழி எவ்வளவு மின்சாரத்தை விழுங்கும் என்பதை அந்த நிலையத்தை நடத்துபவர்கள் அறிவார்கள். எனவே பொதுத் திட்டம் ஒன்று குடாநாட்டுக்கு வந்தால், ஹோட்டலின் பங்குக்கு உச்சவரம்பு கடல்நீர்ச் சுத்திகரிப்பின் செலவு; வீட்டின் பங்குக்கு உச்சவரம்பு கிணற்றின் செலவு. இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி மிகப் பெரியது. தலைக்கு இவ்வளவு, இணைப்புக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது வெளிப்பார்வைக்குச் சமத்துவம். உள்ளே அது ஏழை வீட்டின் பணத்தை விடுதிக்கு மாற்றிக் கொடுப்பது.

அந்த வீட்டின் கிணறு ஏற்கெனவே உவராகிவிட்டதென்றால் விடயம் இன்னும் கனமாகிறது. அந்தக் குடும்பம் இதுவரை யாரிடமும் நீருக்குக் கையேந்தவில்லை. அவர்களுடைய நீர் வழங்கலை அவர்களே கட்டினார்கள். அது கெட்ட பிறகு நீர்மானி பொருத்தி, இணைப்புக் கட்டணம் வாங்கி, மாதாமாதம் பில் அனுப்பும்போது, அவர்களுக்குப் புதிதாக ஒரு வசதி செய்து கொடுத்ததாகக் கணக்கில் எழுதப்படுகிறது. உண்மையில் அது இழந்ததற்கான ஈடு. ஈடு பெறுபவரிடம் கட்டணம் வாங்குவது எந்த அறநூலுக்கும் ஒத்துவராது. அந்த இணைப்பின் செலவு, மிகையாக இறைத்தவரிடமிருந்தும் நைத்திரேற்றை இறக்கியவரிடமிருந்தும் வர வேண்டும். யாரென்று பிரிக்க முடியாத பகுதி, ஹிதாயா பெரும் ஆற்றுக்குச் சொன்னதுபோலப் பொதுக் கருவூலத்திலிருந்து வர வேண்டும்.

முதலீட்டாளருக்கும் நியாயம் உண்டு. அவருடைய கட்டடம் உண்டாக்காத சேதத்துக்கு அவரிடம் வாங்கக் கூடாது. தோட்டப் பசளை முப்பது ஆண்டுகளாகச் செய்த வேலைக்கு நேற்று வந்த விடுதி பொறுப்பாகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-இல், ஓரிகனின் டைகார்ட் நகரம் பற்றிய வழக்கில், கட்டட அனுமதிக்கு ஈடாக ஊராட்சி கேட்பது அந்தக் கட்டடத்தின் தாக்கத்துக்கு ஏறக்குறைய ஒத்த அளவில் இருக்க வேண்டும் என்றது. சட்டமன்றம் விதித்த கட்டணம் என்பதாலேயே எதுவும் அந்தச் சோதனைக்குத் தப்ப முடியாது என்று 2024-இல் சொன்னது. சொத்துரிமையில் மிகவும் பிடிவாதமான ஒரு நாட்டின் நீதிமன்றம்கூடக் கட்டணமே கூடாது என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். ஒத்த அளவில் கேள், கணக்கைக் காட்டு என்றுதான் சொன்னது.

கட்டணம் யார் பெயரில் விதிக்கப்படுகிறது என்பதைவிட, கடைசியில் யார் சட்டைப்பையிலிருந்து போகிறது என்பது முக்கியம். சென்னையில் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியம், அடுக்குமாடிக் கட்டடங்களிடம் உட்கட்டமைப்பு மேம்பாட்டுக் கட்டணம் வாங்குகிறது. கட்டுநர் அதை வீட்டின் விலையில் ஏற்றிவிடுவார். கடன் வாங்கி வீடு வாங்கிய குடும்பம் அதைக் கட்டிவிட்டு, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் குழாய் எட்டாத காலத்தில் லொறித் தண்ணீருக்கும் மாதாமாதம் கட்டியது. 2019 வறட்சியில் அந்த லொறியும் கிடைப்பது அரிதானது. பெயர் கட்டுநருக்கு, சுமை குடியிருப்பவருக்கு. கற்பிட்டியின் விடுதிக்கு இந்த ஆபத்து குறைவு: விடுதிக்காரர் அதை அறை வாடகையில் ஏற்றினால் கட்டுவது விருந்தினர், நீரை அனுபவிப்பவரும் அவரே. அதனால் ஹோட்டலிடம் முன்பணமாகப் பெருந்தொகை கேட்பதில் அறச்சிக்கல் இல்லை. அதே விதியை, ஒரு தந்தை தன் மகளுக்குச் சீதனமாகக் கட்டும் சின்ன வீட்டுக்கு நீட்டினால் சிக்கல் உண்டு. கட்டட அனுமதிப் படிவத்தில் இரண்டும் கட்டுமானம்தான். நீதியின் கணக்கில் இரண்டும் வேறு.

மாதக் கட்டணத்திலும் இந்த வேறுபாடு ஓரளவு இருக்கிறது. நீர் வழங்கல் சபை பாவனை கூடக் கூட அலகின் விலையைக் கூட்டுகிறது. வறுமை நிவாரணம் பெறும் குடும்பங்களுக்குச் சலுகை விலை உண்டு. வணிக இடங்களுக்கும் விடுதிகளுக்கும் தனி விகிதம். பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2022 செப்டம்பரிலும் 2023 ஓகஸ்ட்டிலும் கட்டணங்கள் ஏறியபோது ஏழை வீடுகளே அதிகம் திணறின. ஆனால் இந்த அட்டவணையெல்லாம் குழாய் நீருக்கு மட்டும். தன் காணியில் ஆழக் குழாய்க் கிணறு போட்டு இறைக்கும் விடுதியும் தோட்டமும் அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. குடாநாட்டில் மிகையாக எடுப்பவர் யாரோ அவரிடம் நீர்மானி இல்லை. குறைவாக எடுப்பவரிடம்தான் நீர்மானி இருக்கிறது. இது நியாயத்தின் தலைகீழ்.

விடுதி வேலைவாய்ப்புத் தருகிறதே, அதுவே ஊருக்குச் செலுத்தும் பங்கு இல்லையா என்ற மறுப்பும் எழும். சம்பளம் உழைப்புக்குக் கொடுக்கும் விலை. அதை நீரின் கடனுக்குக் கழிக்க முடியாது; அப்படிக் கழித்தால் வேலை கிடைக்காத வீட்டின் நீருக்கு யார் பதில் சொல்வது? பள்ளிவாசலுக்கு ஒரு நீர்த்தாங்கி, பாடசாலைக்கு ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் என்று நன்கொடை கொடுத்துவிட்டுக் கணக்கை முடிப்பதும் உண்டு. நீர் வழங்குவது இஸ்லாத்தில் மிக உயர்ந்த தர்மங்களில் ஒன்று. மதீனாவில் ரூமா கிணற்றின் நீரை அதன் சொந்தக்காரர் விற்றுவந்தபோது, உஸ்மான் (ரலி) பாதிப் பங்கை 12,000 திர்ஹத்துக்கு வாங்கினார். அவருடைய முறை நாளில் மக்கள் இரண்டு நாளுக்கான நீரை அள்ளிக்கொண்டதால் மற்றவரின் வியாபாரம் படுத்துப்போய், மீதிப் பாதியும் 8,000 திர்ஹத்துக்குக் கைக்கு வந்தது, முழுக் கிணறும் பொதுவானது என்று மரபில் சொல்லப்படுகிறது. அது தர்மம். ஏனெனில் அவர் அந்தக் கிணற்றுக்கு எந்தத் தீங்கும் செய்திருக்கவில்லை, யாருக்கும் கடன்பட்டிருக்கவும் இல்லை. பக்கத்துக் கிணறுகளை உவராக்கிய ஒருவர் வைக்கும் நீர்த்தாங்கி தர்மமாகாது. கடனில் ஒரு சிறு தவணை, அவ்வளவுதான். கடனை அடைக்காமல் ஸதகா, அதாவது தர்மம், கொடுப்பவரைப் பற்றி எந்த மார்க்க அறிஞரும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்.

தோட்டக்காரரின் கடன் எப்படி வசூலாகும் என்பது கடினமான பகுதி. அவர் சிறு முதலாளிகூட இல்லை. பெரும்பாலும் குத்தகைக் காணியில் கடன் வாங்கிப் பயிர் செய்பவர். வெங்காய விலை விழுந்த வருடத்தில் அவரிடம் நீர்க் கட்டணம் கேட்பது கல்லில் நார் உரிப்பது. அவரிடம் பணமாகக் கேட்பதைவிட நடத்தை மாற்றமாகக் கேட்பதே பொருந்தும்: தேவைக்கு மேல் யூரியா போடாமை, வெள்ளமாகப் பாய்ச்சாமல் தூவல் முறையில் பாய்ச்சுதல், குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் பசளைத் தோட்டம் போடாமை. இஸ்லாமியச் சட்டம் ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி மற்றவர் தோண்டக் கூடாத பாதுகாப்பு வட்டம் ஒன்றை வைத்திருந்தது. அந்த வட்டத்தின் அளவைப் பற்றி அறிஞர்கள் முழக்கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். மணல் நிலத்துக்கு அந்த அளவை இன்றைய நீரியல் கணக்கில் புதிதாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஆகவே முதல் பங்கு தாகத்துக்கு, கட்டணமின்றியோ பெயரளவுக் கட்டணத்திலோ. பழைய குடியா வந்த குடியா என்று பார்க்காமல். நீரைத் தொழிலுக்கு எடுப்பவர், குழாயில் எடுத்தாலும் தன் காணியில் இறைத்தாலும், அளந்து கட்ட வேண்டும். புதிய விநியோகத்தின் கூடுதல் செலவை அதனால் ஆதாயம் பெறுபவர் முன்கூட்டியே தர வேண்டும். கெட்ட கிணற்றுக்கு ஈடு, கெடுத்தவரிடமிருந்து. இவற்றில் எதையும் அளவீடு இல்லாமல் செய்ய முடியாது. விடுதி வருவதற்கு முன் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் உவரின் அளவும் என்னவென்று எழுதி வைக்கப்படாவிட்டால், பிறகு யார் கெடுத்தது என்று எவரும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாத சேதத்தின் செலவு எப்போதும் ஏழை வீட்டுக்கே போய்ச் சேரும். கற்பிட்டிப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் இனி எந்தக் கட்டட அனுமதியைக் கொடுப்பதற்கு முன்பும் அந்த அளவீட்டை எடுத்து, ஊரவர் படிக்கும்படி பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் ஒட்ட வேண்டும்.